நான்கரை கிலோ உப்பு

கூரைப் பனியைத் தள்ள ஏறியவர்
பனியோடு தானும் சரிந்து
கடைசி நொடியில் இறவாணத்தைப் பிடித்துக்கொண்டார்.
கை விடவில்லை.
தோள்தான் விட்டது.

மெஸ்தியா ஆஸ்பத்திரி, பிப்ரவரி, மாலை நாலு மணி.
மின்சாரம் காலையிலேயே போயிருந்தது.
ஜெனரேட்டர் விளக்குகளைத் தாங்கும், எக்ஸ்ரேயைத் தாங்காது.
மயக்க மருந்து கொடுக்கலாமென்றால்
பெஷ்கெனின் வயிற்றில் ஏற்கெனவே
மூன்று கிண்ணம் சாச்சா,
இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்று, முழுசாக.

சட்டையைக் கத்தரித்தேன்.
உருண்டு இறங்கவேண்டிய இடம்
பெட்டியின் மூலைபோல் நின்றது.
பஞ்சால் புயத்தின் வெளிப்புறம் தொட்டு
தெரிகிறதா என்றேன்.
"கன்றுக்குட்டி மோந்து பார்க்கிற மாதிரி."
நரம்பு பிழைத்திருக்கிறது.
மணிக்கட்டில் நாடி, கோபமாக, ஆனால் ஒழுங்காக.

வாசலில் தம்பி கிவர்கி, மண்வெட்டியைக்கூட வைக்காமல்:
"பூட்ஸைக் கழற்றுங்கள் டாக்டர்.
அக்குளில் குதிகாலை ஊன்றி
ஒரே இழுப்பு."

இழுத்திருக்கிறேன்.
திபிலிசியில், பயிற்சி வருடத்தில்,
ரயிலடியில் பூ விற்கும் எழுபது வயதுக்காரியை.
அன்று என் குதிகால் கேட்டது
குழிக்குள் பந்து விழும் சத்தமல்ல.
இங்கே யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

மேசையை உயர்த்தச் சொன்னேன்.
குப்புறப் படுத்தவரின் இடக்கை
விளிம்புக்கு வெளியே
தாம்புக்கயிறாய்த் தொங்கியது.
இனி எடை வேண்டும். எடைக்கல் இல்லை.
நர்ஸ் லமாரா தன் அலமாரியைத் திறந்து,
குதாயிசியில் இருக்கும் மகளுக்கு அனுப்பவென்று
இடித்துக் கட்டி வைத்திருந்த உப்பை எடுத்து வந்தாள்.
பூண்டும் நீலவெந்தயமும் சாமந்திப்பொடியும் கலந்த
மலைநாட்டு உப்பு, நான்கரை கிலோ.

மணிக்கட்டில் கட்டினோம்.
"பையைப் பிடிக்காதீர்கள். விரலை விடுங்கள்.
அது தொங்கட்டும்."
பிடித்ததால் பிழைத்தவரிடம்
சொல்லக்கூடிய வார்த்தையா அது.
என்றாலும் சொன்னேன், இரண்டு முறை.

தசைக்குத் தெரிந்தது பிடிவாதம் ஒன்றுதான்.
பந்து வெளியேறியதும் எல்லாக் கதவையும்
இறுக்கிச் சாத்திக்கொள்ளும்,
தட்டுவது சொந்தப் பிள்ளை என்று தெரியாமல்.
உடைக்கலாம்.
அல்லது, அலுக்கும்வரை காத்திருக்கலாம்.

ஐந்து நிமிடம். பத்து.
அறை முழுக்கப் பூண்டு வாசம்.
உருளைக்கிழங்கு இந்த வருடம் எப்படி என்று கேட்டேன்.
கேட்டிருக்கக்கூடாது போல, அவ்வளவு பேசினார்.
பூஞ்சை, மழை, லாரி வாடகை,
தம்பி நேரத்தில் மூட மறந்த குழி
(கிவர்கி மண்வெட்டியைக் கீழே வைத்தான்).
நான் தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியைத் தேடி
இரு கட்டைவிரலால்
முதுகுத்தண்டின் பக்கம் மெல்ல நகர்த்தினேன்,
குளிரில் ஒட்டிக்கொண்ட ஜன்னலைப் போல.

"சுக்திதி வியாபாரி என்ன சொன்னான் தெரியுமா,
கிலோவுக்கு எழுபது—"

நின்றார்.
சத்தம் எதுவும் இல்லை.
மூலை மறைந்து தோள் உருண்டிருந்தது.
"என்ன செய்தீர்கள்?"
"உப்பு செய்தது" என்றாள் லமாரா,
முடிச்சை அவிழ்த்தபடி.

உட்காரவைத்து, இடக்கையால் வலத்தோளைத் தொடச் சொன்னேன்.
தொட்டார்.
அங்கே யாரோ இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.
மறுபடி பஞ்சு. மறுபடி கன்றுக்குட்டி.
லமாராவின் கம்பளிச் சால்வையில் தூளி கட்டினோம்.
மூன்று வாரம் கூரை வேண்டாம் என்றேன்.
"எழுபது தெத்ரி" என்று வாக்கியத்தை முடித்துவிட்டுப் போனார்.

இரவு ஒன்பதுக்கு மின்சாரம் வந்தது.
கிவர்கி அவரைத் திரும்பக் கூட்டிவந்தான், எக்ஸ்ரேக்கு.
எல்லாம் அதனதன் இடத்தில்.
பந்தின் பின்புறத்தில் மட்டும்
குழியின் விளிம்பு அழுத்திய சிறு பள்ளம்,
ஈரமாவில் கட்டைவிரல் வைத்ததுபோல.
அது நிரம்பாது. அதோடுதான் இனி அந்தத் தோள்.

படத்தை விளக்கொளியில் தேவைக்கு மேல் நேரம் பார்த்தேன்.
பிறகு, என் விரல்களில் உப்பு இருந்தது,
நக்கிப் பார்த்தேன்.